மின்தடை எத்தனை ஓம்?

திருத்தங்கலில் முருகேஸ்வரி நடத்திவந்த லேமினேஷன் பட்டறைக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் இருந்தது. கரண்ட் இருந்தால்தான் ஓடும்.

பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற படத்தாளுக்கு வழவழவென்று பிலிம் ஏற்றிக் கொடுப்பது அவள் தொழில். ரோலர் சூடாக வேண்டும், பிலிம் இளகித் தாளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. தீபாவளி சீசனில் நாரணாபுரத்துக் கம்பெனியிலிருந்து லோடு லோடாகத் தாள் வந்து இறங்கும். நாலு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள் இருளம்மாள். முருகேஸ்வரிக்குச் சித்தி முறை. கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடுகிறவள்.

சீசன் சூடுபிடித்த நேரத்தில் ரோலர் சூடாக மறுத்தது. டியூப்லைட் கண்ணடித்தது. ஏற்றிய பிலிம் வெயிலில் உரிந்த தோல் மாதிரி தாளைவிட்டுக் கழன்று வந்தது. பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியன் வந்து மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"இருநூத்தி முப்பது வோல்ட் வரவேண்டிய எடத்துல நூத்திப் பதினஞ்சுதான் வருதுக்கா. பத்து ஆம்பியர் இழுக்கிற ஹீட்டர் அஞ்சுதான் இழுக்குது. மிஷின்ல கோளாறு இல்ல. ஆபீசுல போய்ச் சொல்லுங்க."

ஆபீஸ் என்றால் இப்போது புதிதாக ஒன்று இருந்தது. மின்தடைப் புகார்கள் மலையாகக் குவிகின்றனவே என்று மேலிடத்தில் வருத்தம் உண்டாகி, விருதுநகரில் 'மின்தடை மதிப்பீட்டு மையம்' தொடங்கியிருந்தார்கள். அதற்கான ஆணையில் ஒரே ஒரு வாக்கியம்: இனி மின்தடையை அறிவியல் முறைப்படி கணக்கிட்டுக் களைய வேண்டும். எழுதியவர் கரண்ட் போவதைத்தான் மின்தடை என்று நினைத்து எழுதினார். படித்தவர்களோ அறிவியல் என்ற சொல்லைக் கண்டதும் பத்தாம் வகுப்புப் பாடநூல் ஒன்றை வாங்கிவரச் சொல்லி, அதில் மின்தடையைத் தேடினார்கள். இருந்தது. படம்கூடப் போட்டிருந்தது. கம்பிக்குள் மின்சாரம் ஓடும்போது கம்பி காட்டுகிற எதிர்ப்புக்கு மின்தடை என்று பெயர், வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வரும், அலகு ஓம். இத்தனை தெளிவான ஆணை அதுவரை அவர்களுக்கு வந்ததே இல்லை. சூத்திரத்தைச் சுவரில் பெரிதாக எழுதி, சந்தனம் குங்குமம் வைத்து, வேலையைத் தொடங்கிவிட்டார்கள். மையம் மின்தடையைக் கணக்கிட்டுச் சொல்லும்வரை எந்த லைன்மேனும் ஏணியைத் தொடக்கூடாது என்று சுற்றறிக்கையும் போயிற்று.

முருகேஸ்வரி பஸ் ஏறி விருதுநகர் போனாள். முதல் கவுன்ட்டரில் ஜாஸ்பின் என்ற பெண் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தாள். இரக்கமுள்ள முகம். அவள் செய்த வேலைக்கும் அந்த முகத்துக்கும்தான் சம்பந்தமில்லை.

"வோல்ட் எம்புட்டுக்கா? ஆம்பியர் எம்புட்டு?"

முருகேஸ்வரி சொன்னாள். ஜாஸ்பின் தட்டினாள்.

"நூத்திப் பதினஞ்ச அஞ்சால வகுத்தா இருபத்திமூணு. உங்க மின்தடை இருபத்திமூணு ஓம்க்கா."

"அது நல்லதாம்மா, கெட்டதா?"

"முன்னாடி நல்லா ஓடுனப்ப எம்புட்டு இருந்துச்சு? இருநூத்தி முப்பதப் பத்தால வகுத்தாலும் அதே இருபத்திமூணுதான். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. ஒங்க மின்தடை அப்படியே பத்திரமா இருக்குக்கா."

"எனக்கு ரோலர் சூடாகலையேம்மா."

"சூட்டுக்கு இங்கன கட்டம் இல்லக்கா. ஓமுக்குத்தான் இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் முருகேஸ்வரியின் போன் சிணுங்கியது. 'தங்கள் மின்தடை 23 ஓம் என உறுதிசெய்யப்பட்டது. புகார் மகிழ்ச்சியுடன் முடித்துவைக்கப்பட்டது.'

"யாருக்கும்மா மகிழ்ச்சி?" என்று கேட்டாள் முருகேஸ்வரி.

"அது தானா வர்றதுக்கா. எங்களுக்குக்கூட வரும்" என்றாள் ஜாஸ்பின்.

அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாள். உள்ளறையிலிருந்து முதுநிலை மதிப்பீட்டாளர் ஸ்ரீராம்குமார் எட்டிப் பார்த்தார். இளம் வயதிலேயே அலுவலகத்துக்குப் பிடித்த முகச்சுளிப்பைக் கற்றுக்கொண்டவர். மின்தடையை மட்டும் பார்த்து மின்திறனைப் பார்க்காமல் விட்டுவிட்டதில் அவருக்கு மனவருத்தம்.

"உக்காருங்கம்மா. திறன்னா வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கணும். முன்னாடி இருநூத்தி முப்பது பெருக்கல் பத்து, ரெண்டாயிரத்து முன்னூறு வாட். சரியா? இப்ப நாங்க பாதி வோல்ட்தான் குடுக்கோம். ஒத்துக்கிடுதேன். இந்த மையத்துல ஒளிவு மறைவே கெடையாது. பாதி குடுத்தா பாதித் திறன் வரணும். ஆயிரத்து நூத்தம்பது. ஆனா ஒங்க மிஷின்ல வந்தது நூத்திப் பதினஞ்சு பெருக்கல் அஞ்சு, ஐநூத்தி எழுபத்தஞ்சு. மிச்சம் ஐநூத்தி எழுபத்தஞ்சு வாட்ட என்னம்மா செஞ்சீக?"

முருகேஸ்வரி தன் வாழ்நாளில் ஒரு வாட்டைக்கூட எடுத்து ஒளித்தவள் இல்லை. வோல்ட் பாதியாகும்போது ஆம்பியரும் பாதியாகிறது, பாதியில் பாதி காலாகத்தானே வரும் என்பது பாடநூலின் அடுத்த பக்கத்தில் இருந்தது. மையம் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை.

"சார், எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாக. ஆய்வுக்கு வர்றோம்."

வந்தார்கள். ஒரு ஜீப், ஸ்ரீராம்குமார், அவருக்குப் பின்னால் மீட்டர் பிடிக்க ஒருவர், மீட்டர் பிடிப்பவரைக் கண்காணிக்க ஒருவர். காணாமல் போன வாட்டுகளைப் பட்டறை முழுக்கத் தேடினார்கள். பிலிம் சுருளைப் பிரித்துப் பார்த்தார்கள். தாள் அடுக்குக்குப் பின்னால் டார்ச் அடித்தார்கள். இருளம்மாளின் தூக்குச்சட்டியைத் திறந்து மூடினார்கள்.

"அதுல புளிச்சோறு இருக்கு. வாட்டுன கருவாடு இருக்கு. நீங்க தேடுற வாட்டு இல்ல" என்றாள் இருளம்மாள்.

"சித்தி, பேசாம இருங்க" என்று முருகேஸ்வரி பல்லைக் கடித்தாள். வந்தவர்களுக்கு வடை டீ சொல்லிவிட்டிருந்தாள். அது வந்துசேரும்வரை யாரும் கோபப்படக்கூடாது என்று அவளுக்கு ஒரு கவலை.

அப்போதுதான் வாசலுக்கு எதிரே இருந்த மின்கம்பத்தின் உச்சியில் சடசடவென்று சத்தம். கம்பியும் கம்பியும் சேருகிற முறுக்கு தளர்ந்துபோய், அங்கே நீலமும் வெள்ளையுமாகப் பொறி கொட்டியது. பொறி என்றால் அந்த ஊர்ப் பெண்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பட்டறைப் பெண்கள் நாலு பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுத் தெருமுனைவரை ஓடி நின்றுதான் திரும்பிப் பார்த்தார்கள். முருகேஸ்வரி ஓடவில்லை, தாள் கட்டுகளை வாசலிலிருந்து உள்ளே இழுத்தாள்.

"சார், அந்தா மேல பாருங்க! அங்கனதான் எல்லாம் எரிஞ்சுபோகுது!"

ஸ்ரீராம்குமார் தலையை நிமிர்த்தவில்லை. "எங்க ஆய்வு ஒங்க மீட்டருக்கு உள்பக்கம்மா. கம்பம் வெளிப்பக்கம். வெளிப்பக்கத்துக்கு வேற பிரிவு."

பொறி இன்னொரு முறை கொட்டியது. முறுக்கு எரிந்து அறுந்தது. டியூப்லைட் அணைந்தது, பேன் ஓய்ந்தது, தெரு மொத்தமும் நிசப்தமானது. மீட்டர் பிடித்தவர், "சார், வோல்ட் பூஜ்ஜியம். ஆம்பியர் பூஜ்ஜியம்" என்றார்.

"அப்ப ஆய்வு நிறைவு" என்று ஸ்ரீராம்குமார் எழுந்தார். "இனி இது வேற புகார்."

வடை அதன்பிறகுதான் வந்தது. அதையும் பொட்டலமாகக் கட்டி ஜீப்பில் வைத்துக்கொண்டார்கள்.

லைன்மேன் பெத்தணன் சாயங்காலம் சைக்கிளில் வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். ஏணி பக்கத்துச் சந்தில்தான் சாய்ந்திருந்தது. அவர் அதன் பக்கமே திரும்பவில்லை.

"அண்ணே, ஏறி முறுக்கிவிட்டா முடிஞ்சுபோச்சுல்ல?"

"முடிஞ்சுபோச்சுதான். கம்பி அறுந்து கெடக்குன்னு எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும், அந்தா ஒக்காந்திருக்கே காக்கா, அதுக்கும் தெரியும். மையத்துக்குத் தெரியணும்லத்தா. போன மாசம் கேக்காம ஒரு கம்பத்துல ஏறிட்டேன்னு, எறங்குனதுக்கு விளக்கம் கேட்டுட்டாக."

மறுபடியும் விருதுநகர். ஜாஸ்பின் அவளைப் பார்த்ததும் நாற்காலி போட்டாள்.

"மின்தடைம்மா. தெரு முச்சூடும் மின்தடை" என்றாள் முருகேஸ்வரி.

"எத்தன ஓம்க்கா?"

"கரண்டே இல்லம்மா."

"அப்ப வோல்ட் பூஜ்ஜியம், ஆம்பியர் பூஜ்ஜியம்னு போடுதேன்." போட்டாள். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு உறைந்து நின்றுவிட்டது. பக்கத்துக் கவுன்ட்டரின் திரையும் நின்றது. உள்ளறையில் யாரோ, "யாருய்யா பூஜ்ஜியத்தப் பூஜ்ஜியத்தால வகுத்தது?" என்று கத்தினார்கள்.

ஸ்ரீராம்குமார் வெளியே வந்தார். நிலைமையை விளக்கினார். மின்தடைக்கு ஒரு எண் இல்லாமல் ஏணி ஆணை போட முடியாது. எண் வேண்டுமானால் கொஞ்சமாவது மின்சாரம் ஓட வேண்டும்.

"ஒரு வோல்ட் இருந்தாக்கூடப் போதும்மா. எங்கனயாவது ஏற்பாடு பண்ணிக் கொண்டாங்க."

"கரண்ட் குடுங்கன்னு கேக்கத்தான சார் நான் வந்திருக்கேன்?"

"அதான் சொல்லுதேன். கரண்ட் கொண்டு வந்தீகன்னா கரண்ட் குடுத்துருவோம்."

முருகேஸ்வரி அந்த வாக்கியத்தை பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கமாகப் பிடித்தாலும் அது வழுக்கியது. நாரணாபுரத்துக் கம்பெனி மேனேஜர் அதற்குள் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். பட்டறைப் பெண்களில் இருவர் சொல்லிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். மற்றொருத்தி சொல்லிக்கொள்ளாமல் போனாள். இருளம்மாள் மட்டும் காலையில் வந்து, ஓடாத மிஷினைத் துடைத்து வைத்துவிட்டு, சாயங்காலம் போனாள். தெருவில் போர் மோட்டார் ஓடாததால் குடங்கள் பக்கத்துத் தெருவுக்கு நடந்தன. அந்தத் தெருப் பெண்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு முறைத்தார்கள்.

அப்படி இருக்கையில் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. அவளுடைய பூஜ்ஜியத்தைப் பற்றி முடிவெடுக்க ஒரு குழு அமைத்திருந்தார்கள். குழுவுக்குத் தலைவர் மையத்தின் தலைவர் ஞானமுத்துவே. நீளமான மேசைக்கு நடுவில் உட்கார்ந்து, எதிரில் முருகேஸ்வரி ஒருத்தி மட்டும் இருந்தபோதும், ஆயிரம் பேர் இருப்பதைப் போலப் பேசினார்.

"அன்பார்ந்த நுகர்வோரே! மின்தடை என்றால் என்ன? மின்சாரம் ஓடும்போது ஏற்படுகிற தடை. மின்சாரமே ஓடாத இடத்தில் தடை எங்கிருந்து வரும்? சாலையே இல்லாத ஊரில் பள்ளம் இருக்க முடியுமா? ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் தவறான சிகிச்சை நடக்க முடியுமா? ஆகவே குழு ஒருமனதாகக் கண்டறிந்தது: தங்கள் தெருவில் மின்தடை அறவே இல்லை! மாவட்டத்திலேயே மின்தடையை முழுமையாக ஒழித்த முதல் தெரு தங்களுடையதுதான். வாழ்த்துகள்!"

மேசையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். முருகேஸ்வரியும், தன்னைத்தவிர எல்லோரும் தட்டும்போது சும்மா இருந்தால் தப்பாகிவிடுமோ என்று, மெல்லத் தட்டினாள்.

"சார், அப்ப கரண்ட்?"

ஞானமுத்து புன்னகைத்தார். "நேரில் வந்து விருது தருகிறேன்."

விருது விழா நாளும், மேனேஜர் சொன்ன கடைசிக் கெடுவும் ஒன்றாக வந்து வாய்த்தன. "இன்னைக்குச் சாயங்காலம் தாள் வந்து எறங்கலேன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவோம்மா. எங்களுக்கும் லோடு போகணும்ல" என்று மேனேஜர் மரியாதையாகத்தான் சொன்னார். போன வருஷம் இப்படிப் பார்க்கப்பட்ட வேறு ஆள்தான் முருகேஸ்வரி. அதனால் அந்த வார்த்தையின் கனம் அவளுக்குத் தெரியும்.

தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். 'மின்தடையற்ற முன்மாதிரித் தெரு' என்று பேனர். மைக், மேடை விளக்கு, தலைவருக்கு மட்டும் ஒரு பெரிய பேன். தெருவில் கரண்ட் இல்லையாதலால் வேனில் ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்து பட்டறைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். அது படபடவென்று ஓடுவதை முருகேஸ்வரி பசித்தவள் இலையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஸ்ரீராம்குமாரிடம் போனாள்.

"சார், இதுலருந்து ஒரு ஒயர் மட்டும் எடுத்துக்கிடட்டுமா? கடைசி லோடு சார். சட்டுனு முடிச்சிருவேன்."

ஸ்ரீராம்குமார் பதறிப்போனார். "என்னம்மா நீங்க! ஒங்க மிஷின்ல கரண்ட் ஓடுனா மின்தடை வந்துரும். மின்தடை வந்த தெருவுக்கு எப்படி விருது குடுக்கறது? விழா முடியறவரைக்கும் ஒரு பல்புகூடப் போட்டுறாதீக."

மேடைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளைக் கேடயம். நடுவில் பெரிய பூஜ்ஜியம் பொறித்திருந்தது. முருகேஸ்வரி வாங்கினாள். போட்டோ எடுத்தார்கள். அவள் கீழே இறங்கியதும் ஞானமுத்து மைக்கைப் பிடித்தார்.

"திருத்தங்கல் பெருமக்களே! மையத்தின் திறன் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். திறனுக்கும் சூத்திரம் இருக்கிறது. இந்தத் தெருவில் வோல்ட் பூஜ்ஜியம், ஆம்பியர் பூஜ்ஜியம். இரண்டையும் பெருக்கினால் என்ன? எங்கள் திறன் பூஜ்ஜியம் என்பதைப் புள்ளிவிவரத்தோடு இந்த மேடையில் அறிவிப்பதில் பெருமைப்படுகிறேன்!"

தெரு மொத்தமும் கைதட்டியது. விசில்கூடப் பறந்தது. அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் வாயால் உண்மை வந்ததை அவர்கள் கேட்பது அதுதான் முதல் தடவை. ஞானமுத்து நெகிழ்ந்துபோனார்.

"இதோடு நாங்கள் ஓய்ந்துவிடப் போவதில்லை. மாவட்டத்தின் ஒவ்வொரு தெருவையும் இந்தத் தெருவைப் போலவே ஆக்கிக் காட்டும்வரை..."

பட்டறைக்குள் முருகேஸ்வரி கேடயத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு நின்றாள். நாலு சுவருக்குள் அந்தப் பேச்சு கணீரென்று கேட்டது. ஒவ்வொரு தெருவையும் என்ற சொல் கேட்டதும் அவளுக்குள் எதுவோ அறுந்தது. ஜன்னல் வழியாகக் கையை விட்டால் ஜெனரேட்டரின் பிளக் பலகை எட்டும்.

"சித்தி, மிஷின் ஒயர ஜன்னல் பக்கம் தள்ளுங்க."

"இதுக்குத்தான்டி காத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் இருளம்மாள்.

முருகேஸ்வரி கையை வெளியே விட்டுச் செருகினாள். ரோலர் ஒருமுறை புரண்டது. ஹீட்டர் இத்தனை நாள் பசியையும் சேர்த்து ஒரே மூச்சில் இழுத்தது. மைக்குக்கும் பேனுக்கும் மட்டுமே பழகிய அந்தக் குட்டி ஜெனரேட்டர் முக்கியது, இருமியது, கரும்புகை விட்டது, நின்றது. மேடை விளக்கு அணைந்தது. தலைவரின் பேன் சோர்ந்தது. தலைவரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம்தான் வரவில்லை. ரோலர் தொட்டுப் பார்த்தால் தெரிகிற அளவுக்குக்கூடச் சூடாகியிருக்கவில்லை. முருகேஸ்வரி அதன்மேல் கையை வைத்தபடி, இனி எல்லாம் முடிந்தது என்று நின்றாள்.

வெளியே ஞானமுத்து மைக்கைத் தட்டினார், ஊதினார், ஓங்கி அறைந்தார். பிறகு மேடைத் தமிழை விட்டு இறங்கினார்.

"ஏலே, என்னலே இது? பேசிக்கிட்டு இருக்கேன், கரண்ட நிப்பாட்டுறீக? எவம்லே லைன்மேன்? கரண்டக் குடு!"

பெத்தணன் கூட்டத்தின் ஓரத்திலிருந்து முன்னால் வந்தார். "கம்பி அறுந்திருக்கு சார். ஏறலாமா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாலே? ஏறு!"

"ஓம் எத்தனைன்னு..."

"ஓமாவது, கீமாவது! ஏறுலே!"

பெத்தணன் டிரான்ஸ்பார்மர் சுவிட்சை இறக்கிவிட்டு, சந்திலிருந்த ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தார். ஏறினார். கருகிய முனையை வெட்டி, கம்பியைச் சேர்த்து முறுக்கி இறுக்கினார். இறங்கிப் போய்ச் சுவிட்சை ஏற்றினார். ஒரு டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. தெருவில் அத்தனை வீட்டிலும் பேன் சுற்றியது, போர் மோட்டார் உறுமியது, எங்கோ ஒரு டிவி பாதி வசனத்திலிருந்து பேச ஆரம்பித்தது.

பட்டறைக்குள் ஒயரைப் பழைய பிளக்கில் மாட்டியதும் ரோலர் கொதித்தது. முருகேஸ்வரி முதல் தாளை விட்டாள். மறுபக்கம் அது கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு வந்தது. அடுக்கி வைத்திருந்த தாள்கள் பேன் காற்றில் படபடத்துப் பறக்கப் பார்த்தன. இருளம்மாள் சுற்றுமுற்றும் தேடி, கைக்குக் கிடைத்த கேடயத்தை எடுத்து அடுக்கின்மேல் வைத்தாள். சரியான கனம்.

மேடை ஒயரைப் பக்கத்து வீட்டில் மாட்டியதும் மைக் வந்துவிட்டது. ஆனால் ஞானமுத்து பேச்சைத் தொடரவில்லை. ஸ்ரீராம்குமார் மீட்டரைக் காட்டி அவர் காதில் எதையோ ஓதினார். தலைவரின் முகம் வாடியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெருமக்களே, ஒரு வருத்தமான செய்தி. எதிர்பாராத விதமாக இந்தத் தெருவுக்கு மின்சாரம் வந்துவிட்டது. மின்சாரம் ஓடுவதால் மின்தடையும் ஏற்பட்டுவிட்டது. மின்தடை உள்ள ஒரு தெரு இந்த விருதை வைத்திருப்பது விதிக்கு முரண். சம்பந்தப்பட்டவர் கேடயத்தை உடனே ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மையத்து ஆட்கள் இருவர் பட்டறை வாசலுக்கு வந்தார்கள். போட்டோகிராபரும் கூட வந்தார். ஒப்படைப்பதையும் படமெடுக்க வேண்டுமாம்.

"சித்தி, அதக் குடுத்துருங்க" என்றாள் முருகேஸ்வரி தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தாளு பறக்குமேடி."

"நீங்க ஏறி உக்காந்துக்கோங்க."

இருளம்மாள் கேடயத்தை எடுத்து நீட்டிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தாள் அடுக்கின்மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். போட்டோகிராபர், கொஞ்சம் சோகமாக இருங்கள் என்றார். அவளால் முடியவில்லை.